என்ன மீன் என்று கேட்டு அரைக்கும் குழம்பு

தென்காசியில் நிற்கும் ஒருவரிடம் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால், அவர் கிழக்கே கை நீட்டினாலும் பிழையில்லை, மேற்கே நீட்டினாலும் பிழையில்லை. தூத்துக்குடிக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கொல்லத்துக்கும் ஏறக்குறைய அதே தூரந்தான். 1904-ல் மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் போட்டார்கள்; பக்கத்துச் செங்கோட்டையோ 1956 நவம்பர் முதல் தேதியில்தான் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆகவே, சாரற்காற்றை அன்றிக் கடற்காற்றை அறியாத இந்தப் பிரதேசத்தில், ஒரு வீட்டில் புளி கரைத்து நல்லெண்ணெயில் தாளித்தும், இன்னொரு வீட்டில் கொடம்புளி போட்டுத் தேங்காயெண்ணெய் ஊற்றியும் மீன் கொதிப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

குற்றால அருவிக்குத் தண்ணீர் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில்தான் கேரளத்தில் விசைப்படகுகளுக்கு ஜூலை 31 வரை ஐம்பத்திரண்டு நாள் தடை. கிழக்குக் கரையிலோ ஏப்ரல் 15-ல் தொடங்கிய அறுபத்தொரு நாள் தடை ஜூன் நடுவில் முடிந்து படகுகள் கடலுக்குப் போகின்றன. குற்றாலத்துச் சீசனுக்குத் தூத்துக்குடி மீன் கை கொடுப்பது இப்படித்தான். ஆனால் ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு அகோரப் பசியோடு வருகிறவருக்குப் பல கடைகளில் கிடைப்பது என்ன? சீலாவுக்கும் சாளைக்கும் நெத்திலிக்கும் பொதுவாக, பாக்கெட் பொடியைக் கொட்டி ஒரே அண்டாவில் கொதிக்கவைத்த சிவப்புக் குழம்பு. இதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

சிறு வயதில் ஒருநாள், மீன்காரர் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய், ‘மீன் வந்தாச்சு, மசாலா அரைங்க ஆச்சி’ என்றேன். அம்மிக்கு முன் உட்கார்ந்திருந்த ஆச்சி குழவியை நிறுத்திவிட்டு, ‘என்ன மீனுன்னு சொல்லாம எப்படில அரைக்க?’ என்றாள். மீன் குழம்பைப் பற்றி அதற்கு மேற்பட்ட சாஸ்திரத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

சாளை தானே நெய் உள்ள மீன். அதற்குத் தேங்காயைக் குறைத்துப் புளியைத் தூக்கலாக விட வேண்டும், இல்லாவிட்டால் குழம்பு திகட்டும். சீலாவும் விளமீனும் சாதுவான சதை. அவற்றுக்குத் தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் வெண்ணெய்போல மசிந்து வர வேண்டும். நெத்திலிக்குப் பச்சை மாங்காய் இருந்தால் புளியைக் குறைத்துக்கொள்ளலாம். எதுவானாலும், மிளகாயும் மல்லியும் பச்சை வாசனை போகக் கொதித்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்த பிறகே மீன் சட்டிக்குள் இறங்க வேண்டும். இறங்கிய பின் கரண்டிக்கு அங்கே வேலை இல்லை, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். கவிச்சியை அடக்குவது புளிப்பு. அந்தப் புளிப்பின் அளவை மீனைப் பார்க்காமலே எங்கோ ஓர் ஆலையில் நிர்ணயித்துப் பையில் அடைத்துவிட முடியும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பெண்களை மறுபடியும் அம்மிக்கு முன் உட்காரவைக்கும் உத்தேசமா என்று கேட்பார்கள். இல்லவே இல்லை. அம்மியின் ருசியைப் பற்றி உருகுகிற ஆண்களில் அநேகர் குழவியைத் தொட்டவர்கள் அல்லர். அந்தக் கூட்டத்தில் நானும் வெகுகாலம் இருந்தவன். மிக்ஸியில் அரைத்தாலே போதும், தண்ணீரைச் சிறுகச் சிறுக விட்டு, இடையிடையே நிறுத்தி அரைத்தால் சரிதான். ஆண் அரைத்தாலும் தேங்காய் மசியத்தான் செய்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை என் முறை. விளமீன் வாங்கியிருந்தோம். அரைத்து வழித்த பிறகு ஜாரில் ஒட்டியிருந்ததை அரை தம்ளர் தண்ணீர் விட்டு அலசி, ஆச்சி அம்மி கழுவிய தண்ணீரை ஊற்றுவதுபோல, அதையும் சட்டியிலேயே ஊற்றினேன்.