ஆற்றுக்கு ஒரு படகு வாங்கலாமா?

விடுமுறைக்குக் கொல்லிமலை போகிறார்கள். வாசலூர்ப்பட்டியில் குடும்பத்தோடு படகு ஏறி ஒரு சுற்று வருகிறார்கள். கரை இறங்கியதும் பையன் கேட்கிறான்: "அப்பா, நாமே ஒரு படகு வாங்கினால் என்ன?"

முன்பெல்லாம் இதைச் சிரித்துத் தள்ளிவிடலாம். இப்போது முடியாது. "கயாக்" என்ற சிறு படகு கடைகளிலேயே விற்கிறது. ஒருவரோ, இருவரோ உட்கார்ந்து துடுப்புப் போடலாம். விலை பல பத்தாயிரம் ரூபாய். அந்தப் பணத்துக்கு ஒரு கறவை மாடு வாங்கிக் கட்டலாம். மாடு பால் கொடுக்கும். படகு என்ன கொடுக்கும்?

சந்தோஷம் கொடுக்கும். உழைத்துச் சம்பாதிக்கிற குடும்பத்துக்கு அதுவும் வேண்டியதுதான். ஆனால் எந்தத் தண்ணீரில் விடப்போகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

என் கருத்து இது: மலை ஆற்றுக்குப் படகு வேண்டாம். கீழே காவிரிக்கு வாங்கலாம். அதையும் ஒரு வீடு தனியாக வாங்க வேண்டாம்.

நம் கட்டுமரம்தான்!

கயாக் என்பது வடதுருவப் பக்கத்துப் பனி நாட்டு மக்களின் படகு. மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைப்பார்கள். நடுவில் ஒரு துவாரம். அதற்குள் இடுப்புவரை இறங்கி உட்கார்ந்து வேட்டைக்குப் போவார்கள். அந்தக் குளிருக்கு அது சரி. கவிழ்ந்தால் மட்டும் பழகாதவர் திண்டாடிப் போவார்.

மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக் வேறு. மூடிய பிளாஸ்டிக் கூடு, உள்ளே காற்று. உட்காரும் இடத்திலிருந்து அடிப்பக்கம் வரை சிறு துளைகள் இருக்கும். "துளை இருந்தால் மூழ்காதா?" என்று பயப்பட வேண்டாம். அந்தத் துளைக்கும் உள்கூட்டுக்கும் சம்பந்தம் இல்லை. மேலே ஏறிய தண்ணீர் அந்த வழியாக இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் மனிதன் உள்ளே சிக்கமாட்டான். புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

நம் மீனவர்கள் மரங்களைச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் உட்கார்ந்து கடலுக்குப் போனார்களே, அதே வித்தைதான். வெள்ளைக்காரன் அந்தக் கட்டுமரத்தின் பெயரைத் தன் மொழியிலும் எடுத்துக்கொண்டான். ஆகவே வாங்குவதானால் இந்த வகையையே வாங்குங்கள். சுமார் 10 அடி நீளம், இரண்டரை அடி அகலம் இருந்தால் ஆட்டம் குறைவு. எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு, உங்கள் வீட்டு ஆட்களின் எடையைக் கூட்டிப் பாருங்கள்.

மலையில் ஏன் வேண்டாம்?

கொல்லிமலையில் ஓடுவது ஐயாறு. அறப்பளீசுவரர் கோவில் பக்கம் வரும்போது பார்த்தால் சாதுவாக இருக்கும். அதே ஆறுதான் ஆகாய கங்கையில் ஏறக்குறைய 300 அடி கீழே விழுகிறது! அருவியடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அதன் பிறகும் பாறை பாறையாகத் தாவித்தான் புளியஞ்சோலைக்குப் போகிறது. மழை இல்லாத மாதத்தில் படகு தட்டும். மேலே மழை பெய்தால் ஆறு சொல்லாமல் ஏறும். துடுப்புப் போட இடம் எங்கே?

ஏற்றிக்கொண்டு போவதும் லேசு இல்லை. ஒருவர் ஓட்டும் படகே 20 கிலோவுக்கு மேல் இருக்கும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். காரின் மேல் பத்தடிப் படகைக் கட்டிக்கொண்டு அந்த வளைவுகளில் திரும்புகிறவரை நினைத்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது. மலையில் ஆசைக்கு வாசலூர்ப்பட்டிப் படகு போதும்.

காவிரியில் எப்போது?

மலையை விட்டு இறங்கினால் மோகனூர், பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் என்று காவிரிக் கரை வருகிறது. அகன்ற ஆறு. நீர் அமைதியாக ஓடும் நாளில் கயாக்குக்கு ஏற்ற இடம்தான். ஆனால் இந்த ஆற்றின் சாவி மேட்டூரில் இருக்கிறது. பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஜனவரி 28 வரை விடுவது வழக்கம். அணை நிரம்பி உபரி நீர் வந்தால், காலையில் முழங்கால் அளவு இருந்த இடம் சாயங்காலம் ஆளை விழுங்கும்.

ஆடிப்பெருக்கன்று எல்லோருக்கும் ஆற்றில் இறங்க ஆசை. வெள்ளம் வருவதும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். ஒகேனக்கலில் நீர்வரத்து கூடியதும் பரிசலுக்குத் தடை போடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பரிசல் ஓட்டியவர்களே அன்று கரையில் நிற்கிறார்கள். நேற்றுத் துடுப்புப் பிடித்த நாம் இறங்கலாமா?

மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரத்துக்கான கதவணைகள் இருக்கின்றன. அவற்றின் பக்கமே படகை விடக்கூடாது. மேலே இருந்து பார்த்தால் தண்ணீர் குளம்போல நிற்கும். மதகு வாயில் இழுக்கும் வேகம் தெரியாது.

இன்னும் இரண்டு விஷயம். ஓடும் ஆற்றில் படகையும் காலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டாதீர்கள். கயிறு மரக்கிளையில் மாட்டினால் ஆளை நீருக்குள் பிடித்து வைத்துவிடும். விழுந்துவிட்டால் படகுக்கும் பாறைக்கும் நடுவில் போகாதீர்கள்.

செலவு யாருக்கு?

ஒரு வீடு வருஷத்தில் எத்தனை நாள் ஆற்றுக்குப் போகும்? பத்து ஞாயிறு போனால் அதிகம். மற்ற நாளெல்லாம் படகு சும்மா கிடக்கும். அதனால்தான் மூன்று வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கச் சொல்கிறேன். மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று சேரட்டும். ஒருவர் நீரில் இருக்கும்போது இருவர் கரையில் நிற்க ஆள் கிடைக்கும். அது பணத்தைவிடப் பெரிய லாபம்.

படகுக்கு முன்னால் லைப் ஜாக்கெட் வாங்குங்கள். ஆளுக்கு ஒன்று, அவரவர் அளவில். அப்பாவின் ஜாக்கெட் பிள்ளைக்கு உதவாது, தலைவழியே கழன்றுவிடும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், இந்த வருஷம் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். படகை அடுத்த வருஷம் பார்க்கலாம். நீச்சல் தெரியாத பிள்ளை படகில் ஏறாத நாளிலும் கிணற்றடிக்கும் குளத்துக்கும் போகத்தான் போகிறது.

"வாங்கின படகை எங்கே வைப்பது?" என்று வீட்டு அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. தாழ்வாரமோ, மாட்டுக் கொட்டகையின் ஓரமோ போதும். நிழல் மட்டும் வேண்டும். வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் வெளுத்து வெடிப்பு விடும்.