இடக்கரடக்கலும் ஒரு நோயும்

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறார். இளங்கலை மாணவர்களுக்கு இதை நடத்தும்போதெல்லாம் ‘கால் கழுவி வந்தான்’, ‘துஞ்சினார்’, பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது ஆகிய பழைய எடுத்துக்காட்டுகளையே நானும் சொல்லிவந்தேன். தமிழரின் நாகரிகத்துக்குச் சான்று என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்வேன். என் பெரியப்பாவின் சாவுக்குப் பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்ல நா எழவில்லை.

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை – திருச்சி நெடுஞ்சாலையோரம் கோட்டையோடு நிற்கும் ரஞ்சன்குடியில் பருத்தியும் சோளமும் பயிரிட்டு வாழ்ந்தவர் அவர். இளமை முதல் பீடி பிடித்தவர். ஒருநாள் சிறுநீரில் இரத்தம் வந்தது. வலி இல்லை. இரண்டு நாளில் தானே நின்றும் விட்டது. பெரியம்மாவிடம் ‘உடம்பு சூடு’ என்றார். நெருஞ்சில் கஷாயமும் இளநீரும் பார்லிக் கஞ்சியும் நடந்தன. சில மாதங்கள் கழித்து மீண்டும் வந்தது, மீண்டும் நின்றது. கஷாயம் குணமாக்கியதாகவே எல்லோரும் நம்பினோம். இப்படியே ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழிந்தன.

இந்த நோயின் வஞ்சகம் இங்கேதான் இருக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலியின்றி, விட்டுவிட்டு இரத்தமாகவே வெளிப்படும். இரத்தம் நிற்பதால் நோய் நின்றுவிட்டதாகப் பொருளில்லை. எனவே, ஒரே ஒருமுறை வந்தாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். சிறுநீர்ச் சோதனை, ஸ்கேன், பின்பு சிறுநீர்த் துளை வழியே மெல்லிய கருவியைச் செலுத்தி உள்ளே பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி என்பது சோதனைகளின் வரிசை. புகைப்பவரின் குருதியில் கலக்கும் நச்சைச் சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீர்ப்பைக்கு அனுப்ப, அது அங்கே மணிக்கணக்கில் தேங்குகிறது. பீடி நுரையீரலுக்குக் கேடு என்பதை அறிந்தவர்கள்கூட இதை அறிவதில்லை. சாயத்தொழிலாளரிடம் இந்நோய் மிகுந்திருப்பதை லுட்விக் ரேன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1895இலேயே கண்டு சொன்னார்.

காலத்தே கண்டால் மருந்து நம் வாசலிலேயே இருந்திருக்கிறது. குழந்தையின் தோளில் போடும் பி.சி.ஜி. ஊசியை அறியாத வீடு இல்லை. அதைத் தயாரிக்கும் ஆய்வகம் சென்னை கிண்டியில் 1948இல் தொடங்கப்பட்டது. வளர்ந்தோரின் நுரையீரல் காசத்தை இம்மருந்து தடுக்குமா என்று அறியச் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரும் ஆய்வு ஏமாற்றத்தில் முடிந்தது. ஆனால் 1976இல் கனடாவின் ஆல்வரோ மொராலஸ் அதே பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, மேலோட்டமான புற்று திரும்ப வருவதைக் குறைக்கலாம் என்று காட்டினார். கட்டியைச் சுரண்டி எடுத்தபின் வாரம் ஒருமுறையாக ஆறு வாரங்கள், தேவைப்பட்டால் பின்னும் தொடர்ந்து, குழாய் வழியே அதைச் செலுத்துகிறார்கள். உடலின் சொந்த எதிர்ப்பாற்றல் விழித்துக்கொள்கிறது. நோய் பையின் தசைக்குள் இறங்கிவிட்டாலோ இந்த எளிய வழி அடைபடுகிறது. பையையே அகற்ற வேண்டும், அல்லது கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துத் தர வேண்டும். பெரியப்பா சென்றபோது இறங்கிவிட்டிருந்தது.

அவரைத் தாமதப்படுத்தியது இடக்கரடக்கல். அடுத்து நாங்கள் செய்தது மங்கலம். ‘சின்னக் கட்டிதான்’ என்றோம். ‘புற்று’ என்ற சொல் அவர் காதில் விழாதபடி மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டோம். வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவர் ஒரு மாலையில் என்னிடம், “எனக்கு என்ன சீக்குன்னு உங்க எல்லாருக்கும் தெரியுது. எனக்கு மட்டும் தெரியக் கூடாதா தம்பி?” என்று கேட்டார். எனக்கு விடை வரவில்லை. தமிழ் முதுகலை அன்று உதவவில்லை.

மூன்றாவதான குழூஉக்குறியைப் பக்கத்துக் கட்டிலில் கண்டேன். புராஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவிய முதியவர் அவர். இடுப்புவலியை வயதின் கூறு என்றே நெடுங்காலம் பொறுத்திருந்திருக்கிறார். ‘பி.எஸ்.ஏ.’, ‘கிளீசன்’ என்று அவர் தலைக்கு மேல் ஆங்கில எழுத்துகள் பறந்தன. இந்தப் புற்று ஆண் இயக்குநீரை உண்டு வளர்வது. விதைகளை நீக்கினால் அது ஒடுங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் நிறுவினார். 1966இல் நோபல் பரிசும் பெற்றார். அதே பயனைத் தரும் ஊசிகள் இன்று உண்டு. அவற்றைத் தொடர்ந்து போட வேண்டும், செலவும் மிகுதி. அறுவை ஒருமுறையோடு முடிந்துவிடும். ஏழை நோயாளிக்கு அறுவையே தக்கதாக இருக்கலாம். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த முதியவரிடம் ‘ஒரு சின்ன ஆபரேஷன்’ என்று மட்டும் சொல்லிக் கைநாட்டு வாங்கினார்கள். எதை இழக்கிறோம், ஏன் இழக்கிறோம், வேறு வழி உண்டா என்பவற்றை அவருக்குப் புரியும் தமிழில் ஒருவரும் சொல்லவில்லை. நாகரிகமான சொல் அங்கே அநீதியாயிற்று.

எல்லா முதியவரும் நாளையே பி.எஸ்.ஏ. சோதனைக்கு ஓட வேண்டும் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. புராஸ்டேட் புற்றுகளில் பல மிக மெதுவாக வளர்பவை. சிகிச்சையே தேவைப்படாமல் கண்காணிப்பில் வைக்கத்தக்கவையும் உண்டு. புற்று இல்லாத வீக்கத்திலும் பி.எஸ்.ஏ. அளவு உயரும். அறிகுறியற்றவர்களுக்கு இச்சோதனை வேண்டாம் என்று 2012இல் சொன்ன அமெரிக்க நிபுணர் குழுவே, 55 முதல் 69 வயதுக்குட்பட்டோர் மருத்துவரோடு கலந்து பேசித் தாமே முடிவு செய்யட்டும் என்று 2018இல் மாற்றிக்கொண்டது. கலந்து பேச வேண்டும் என்றால், பேசச் சொல் வேண்டுமே! புராஸ்டேட்டுக்கு நம் கலைச்சொல் அகராதிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ரஞ்சன்குடி டீக்கடையில் ஒன்றுகூட இல்லை.

முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரிலிருந்துதான் அடையாறு மருத்துவமனை 1954இல் பிறந்தது. பெண்கள் தம் மார்பகப் புற்றைப் பற்றி மேடையில் பேசத் துணிந்துவிட்டார்கள். ஆண்கள் நாம் இன்னும் வேட்டிக்குள் மறைத்துக்கொண்டிருக்கிறோம். நவீன இலக்கியம் உடலைப் பற்றி எழுதாததில்லை. காமத்தை எழுதத் துணிந்த நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் ஓர் ஆண் சிறுநீர் கழிக்க முடியாமல் இரவில் நின்று தவிப்பதை எழுதினார்கள்? இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, விண்ணப்பமாகவே வைக்கிறேன். பொதுச்சொற்களை மருத்துவர்கள் மட்டும் உண்டாக்கிவிட முடியாது. கதையும் நாடகமும் பாடநூலும் புழங்கவிட்ட சொற்களே ஊருக்குள் நிலைக்கும்.

இப்போதும் தகுதி வழக்கை நடத்துகிறேன். மூன்றையும் விளக்கிய பின், சிறுநீரில் இரத்தம் வந்தால் ‘சூடு’ என்று சொல்லாதீர்கள், வீட்டிலுள்ள பெரியவர்களிடமும் சொல்லிவையுங்கள் என்று ஒரு வாக்கியம் சேர்க்கிறேன். வகுப்பில் சிரிப்பு எழுகிறது. எழட்டும். ஒரு மாணவனாவது வீட்டில் போய்ச் சொல்வான்.