கரும்பு எடையும் கணினிப் புள்ளியும்

கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளில் எடை ஆளுக்கு ஆள் தனி. ஆனால் விலைக்கு அடிப்படையான பிழிதிறன் ஆலை முழுக்க ஒரே சராசரி. நல்ல கரும்பு போட்டவருக்கும் சுமாரான கரும்பு போட்டவருக்கும் டன்னுக்கு ஒரே விலைதான்!

தன்னார்வக் கணிமையில் கதை வேறு. வீட்டில் சும்மா கிடக்கும் கணினியை ஆராய்ச்சிக்கு இரவல் கொடுப்பதுதான் இது. 1999ல் தொடங்கி 2020 மார்ச் வரை வேலை அனுப்பிய 'செட்டி அட் ஹோம்' இதைப் பிரபலமாக்கியது. பெர்க்லியில் பிறந்த 'பாயிங்க்' மென்பொருளில் உழைப்புக்குப் புள்ளி உண்டு. நொடிக்கு 100 கோடி கணக்கு போடும் கணினி ஒரு நாள் முழுக்க உழைத்தால் 200 புள்ளி. பல திட்டங்களில் ஒரே வேலை இரண்டு கணினிகளுக்குப் போகும். விடை ஒத்துப்போனால்தான் புள்ளி. ஆக, எடையும் தரமும் ஆளுக்கு ஆள் தனித்தனி.

அணிப் புள்ளி வெறும் கூட்டல்தான். ஒருவர் அணியை விட்டு விலகினால் அவர் புள்ளி அவரிடமே இருக்கும். அணியில் இருந்தபோது சேர்த்தது அணிக் கணக்கிலும் நிற்கும். 'போனவன் உழைப்பில் இவர்களுக்கு என்ன பெருமை?' என்று சிலர் கேட்கலாம். ஊரை விட்டுப் போனார் என்பதற்காகக் கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயரை யாராவது அழிக்கிறார்களா? இது நியாயமான ஏற்பாடுதான்.

நியாயமில்லாத இடம் வேறு. கல்வராயன் மலையில், வெள்ளிமலையில், ஒரு மாணவர் பழைய கணினியை ஓடவிடுகிறார் என்று வையுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும். கெடு தாண்டினால் புள்ளி கிடைக்காமலும் போகலாம். சென்னையில் கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் அவரது பல மாதப் புள்ளியைச் சில மணி நேரத்தில் தாண்டிவிடுவார். புள்ளி இயந்திரத்தின் வேலையை அளக்கிறது, சிரமத்தை அல்ல.

அப்படியானால் புள்ளியே வேண்டாமா? வேண்டும். 2010ல் 'ஐன்ஸ்டீன் அட் ஹோம்' ஒரு புதிய பல்சாரைக் கண்டுபிடித்தது. அமெரிக்காவின் அயோவாவைச் சேர்ந்த ஒரு தம்பதியின் பெயரும் ஒரு ஜெர்மானியரின் பெயரும் உலகம் முழுக்க வெளிவந்தன. அந்த வேலை அவர்கள் கணினிக்குப் போனது அதிர்ஷ்டம். மற்ற ஆயிரக்கணக்கானோர் 'இங்கே ஒன்றும் இல்லை' என்று சரியாகச் சொன்னவர்கள். அவர்கள் கழித்துக் கட்டாமல் தேடல் நகர்ந்திருக்காது. அவர்களுக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரம் அந்தப் புள்ளிதான்.

எனவே கல்லூரிகளில் அணி தொடங்குகிறவர்களே, மொத்தப் புள்ளியை மட்டும் போட்டு மார்தட்டாதீர்கள். எத்தனை பேர் சரியான விடை அனுப்பினார்கள் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். வெள்ளிமலைக் கணினியும் அதில் ஒன்றாக எண்ணப்படும்.