பாரிஸில் 42 வயதில் பூங்கொத்து; நம்மூர் கூத்துக் கலைஞருக்குக் கடைசி ஆட்டம் எது?

2025 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கில் மிஸ்டி கோப்லேண்ட் தன் கம்பெனியிலிருந்து விடைபெற்றார். ‘அமெரிக்கன் பாலே தியேட்டர்’ என்ற பெரிய பாலே நடனக் கம்பெனியில், 2015-ல் முதன்மைக் கலைஞராக உயர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர். விடைபெறும்போது வயது 43. அந்த இரவின் வீடியோக்கள் நம்ம ஊர் ரீல்ஸ் வரைக்கும் வந்தன. பூங்கொத்துகள், கட்டிப்பிடிப்பு, எழுந்து நின்று கைதட்டும் கூட்டம். சேலம் ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபடி நானும் ரெண்டு முறை பார்த்தேன். பாலே பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் தொண்டை அடைத்தது.

அன்றைக்கு மனசில் ஒட்டிக்கொண்ட கேள்விதான் இந்தக் கட்டுரை. நம்ம பக்கத்தில், ஓமலூர், எடப்பாடி, ராசிபுரம் ஊர்களில், ராத்திரி முழுக்க ஆடும் கூத்துக் கலைஞர் ஒருவர் இப்படி விடைபெற்று யாராவது பார்த்திருக்கிறீர்களா?

முதலில், பாலே ரசிகர்கள் எதைப் பின்தொடர்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். கிரிக்கெட் ரசிகர்கள் அணித் தேர்வைப் பார்க்கும் மாதிரிதான். இந்த சீசனில் எந்தப் படைப்பு, ‘அன்னப்பறவை ஏரி’யில் செவ்வாய்க்கிழமை யார், வியாழக்கிழமை யார், யாருக்குப் பதவி உயர்வு, யாருக்குக் காயம், யார் வேறு கம்பெனிக்குப் போகிறார், யார் ஓய்வு பெறுகிறார். பாரிஸ் ஓபரா பாலேயில் ஐந்து படிநிலைகள் உண்டு. உச்சியில் இருப்பவர் ‘எத்வால்’, அதாவது நட்சத்திரம். நிகழ்ச்சி முடிந்த கையோடு, ரசிகர்கள் முன்னாலேயே மேடையில் அந்த அறிவிப்பு வரும். கீழ்ப்படிகளில் மேலே ஏறப் போட்டித் தேர்வு. இவ்வளவும் அங்கே செய்தி.

இதெல்லாம் நமக்குப் புதுசு என்று நினைத்தால், என் அம்மாயியைக் கேட்க வேண்டும். எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்குக் கூத்து விட்டால், எந்த செட்டு வருகிறது என்று முதலில் விசாரிப்பது அவர்தான். “அவன் இப்ப அந்த செட்டுல இல்ல கண்ணு. போன வருசமே மேக்க ஒரு செட்டுக்குப் போயிட்டான். இப்ப திரௌபதை கட்டுறது சின்னப் பையன், கொரலு நல்லாருக்கு, அடவுதான் இன்னும் படியல.” இதைவிட நல்ல நடன விமர்சனம் ஒன்றை நான் மீடியா ஸ்டடீஸ் படித்த மூன்று வருடத்திலும் படிக்கவில்லை. யார் எந்த வேஷம், யார் எங்கே மாறினார், யாருக்குத் தொண்டை போய்விட்டது, எல்லாம் அவர் வாயில் இருந்தது. எழுத்தில்தான் எங்கேயும் இல்லை.

ஒரு செட்டு எப்படி ஓடுகிறது?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சேலம், நாமக்கல், தருமபுரி பக்கத்தில் ஆடும் கூத்தை மேற்கத்திப் பாணி என்பார்கள். செட்டு என்றும் ஜமா என்றும் சொல்லப்படும் ஒரு குழுவில் வேஷக்காரர்கள், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம், பின்பாட்டு எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். குழுவை நடத்துபவர் வாத்தியார். ஊர்க் கோயில் நோம்பி, கும்பாபிஷேகம், சில ஊர்களில் சாவு வீட்டுக் காரியம் என்று அழைப்பு வரும். ராத்திரி பத்து மணி வாக்கில் தொடங்கினால் விடிய விடிய ஆட்டம். பாரதக் கதைகள், இரணியன், மதுரை வீரன், காத்தவராயன், நல்லதங்காள் என்று ஊர் கேட்கும் கதை. பெண் வேஷங்களை ஆண்களே கட்டுவதுதான் வழக்கமாக இருந்து வந்தது.

தை பிறந்த பிறகு களைகட்டும் சீசன், பங்குனி, சித்திரையில் உச்சத்துக்குப் போகும். மற்ற மாதங்களில் இதே ஆட்கள் தறி ஓட்டுவார்கள், காட்டு வேலைக்குப் போவார்கள், சென்ட்ரிங் வேலை பார்ப்பார்கள். சீசன் தொடங்கும் முன்பே கலைஞருக்கு முன்பணம் கொடுத்துக் குழுவில் நிறுத்திக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வாங்கினால் அந்த வருடம் அந்த செட்டு. ஐபிஎல் ஏலத்தை நாம் வாய் பிளந்து பார்ப்பதற்கு ரொம்ப முன்னாலிருந்தே இங்கே இது நடக்கிறது. வித்தியாசம், இங்கே முன்பணம் என்பது பெரும்பாலும் பிள்ளையின் ஃபீஸ், மருத்துவச் செலவு, பழைய கடன். அதை ஆடித்தான் கழிக்க வேண்டும்.

ஆடாத ராத்திரிக்குக் காசு கிடையாது. முழங்கால் வீங்கினாலும் தலையில் கிரீடம், தோளில் மரக்கட்டை அணிகலன்கள், காலில் சலங்கை. அறுபதைத் தாண்டியும் ஆடுகிறாரே என்று நாம் கைதட்டுகிறோம். அவர் நிறுத்தினால் அடுத்த மாதம் எதில் சாப்பிடுவார் என்று கேட்பதில்லை.

பாரிஸில் எப்படி முடிகிறது?

பாரிஸ் ஓபரா பாலேயில் நடனக் கலைஞரின் ஓய்வு வயது 42. ஓரெலி துபோன் என்ற நட்சத்திரக் கலைஞர் 2015 மே 18 அன்று ‘மனோன்’ ஆடி விடைபெற்றது இந்தக் கணக்கில்தான். அடுத்த ஆண்டே அதே பாலேக்கு இயக்குநராகி, 2022 வரை நடத்தினார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது, சரி. ஆனால் விடைபெறும் எல்லோருக்கும் பின்னால் ஒரு ஓய்வூதிய ஏற்பாடு நிற்கிறது. அது 14-ம் லூயி மன்னர் காலத்தில், 1698-ல் தொடங்கியது. ஆடுபவரின் உடம்பு மற்ற வேலைக்காரர்களின் உடம்பு போல அறுபது வரை தாங்காது என்பதை முந்நூறு வருடத்துக்கு முன்னாலேயே ஒரு அரசு ஒத்துக்கொண்டிருக்கிறது.

2019-ல் பிரான்ஸ் அரசு இப்படிப்பட்ட தனி ஓய்வூதியங்களை எல்லாம் ஒரே திட்டமாக்கப் பார்த்தது. டிசம்பர் 24 அன்று, அந்தக் குளிரில், வேலைநிறுத்தத்தில் இருந்த பெண் கலைஞர்கள் பாலே உடையோடு ஓபரா கட்டடத்தின் வாசல் படிகளில் வந்து ‘அன்னப்பறவை ஏரி’யின் ஒரு பகுதியை ஆடினார்கள். பின்னால் கலாசாரம் ஆபத்தில் இருக்கிறது என்ற பேனர். இனிமேல் சேருபவர்களுக்குத்தான் மாற்றம், உங்களுக்கு இல்லை என்று அரசு சொல்லியும் அவர்கள் ஏற்கவில்லை. அடுத்த தலைமுறையை விட்டுக்கொடுக்கும் தலைமுறையாக நாங்கள் இருக்க மாட்டோம் என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு. எனக்கு மிஸ்டியின் பூங்கொத்து வீடியோவைவிட இந்த வீடியோதான் முக்கியமாகப் படுகிறது. பூங்கொத்து மேடையில் தெரிவது. அதைத் தாங்குவது இந்தப் படிக்கட்டு.

தமிழ்நாட்டில் பாலே கம்பெனிக்கு நெருக்கமான அமைப்பு என்றால் சென்னை கலாக்ஷேத்ராதான். ருக்மிணி தேவி அருண்டேல், ரஷ்யப் பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பால் முதலில் பாலே கற்று, பிறகு பரதத்துக்கு வந்தவர். 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். 1944-ல் ‘குற்றாலக் குறவஞ்சி’யில் ஆரம்பித்து வரிசையாக நாட்டிய நாடகங்களை உருவாக்கினார். 1993-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அங்கே படித்த சி.வி. சந்திரசேகர் எழுபது வயதைத் தாண்டியும் மேடையேறியவர். 2011-ல் பத்மபூஷண், 2024 ஜூனில் மறைந்தபோது எல்லா நாளிதழ்களிலும் அஞ்சலி. பரதத்தில் 42 வயதுக் கோடு இல்லை, அபிநயம் வயதோடு கனியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் விரும்பி ஆடுவது வேறு, நிறுத்த வழியில்லாமல் ஆடுவது வேறு.

இங்கே என்ன இருக்கிறது?

ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பொய். தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் 2007-ல் வந்தது. பதிவு செய்தவர்களுக்குக் கல்வி உதவி, திருமண உதவி, கண்ணாடி வாங்க, ஈமச்சடங்குக்கு என்று சில உதவிகள். நலிந்த நிலையில் வாழும் கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் 3,000 ரூபாய். மாவட்டக் கலை மன்ற விருதுகளும் உண்டு. கலை இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி. பாரிஸ் மாதிரியே ஐந்து படி! ஆனால் இங்கே படி ஏறுவது வயதுக் கணக்கில்தான்.

சிக்கல் எங்கே என்றால், இதில் எதற்கு விண்ணப்பித்தாலும் ‘நான் கலைஞர்’ என்பதைக் காட்ட வேண்டும். கலாக்ஷேத்ராவில் படித்தவரிடம் பட்டயம் இருக்கும், சபா நோட்டீஸ் இருக்கும், பேப்பர் கட்டிங் இருக்கும். பத்து வயதில் வாத்தியார் பின்னால் போய் ஐம்பது வருடம் ஆடியவரிடம் என்ன இருக்கும்? ஊர் நோட்டீஸில் கும்பாபிஷேகக் கமிட்டிக்காரர்கள் முப்பது பேருக்குப் பெயரும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் போடுகிறோம். கடைசி வரியில் ‘இரவு தெருக்கூத்து நடைபெறும்’. யார் ஆடுகிறார், என்ன வேஷம்? கிடையாது. யூடியூபில் நம்ம பக்கத்துக் கூத்து வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன, நாலு மணி நேரம், ஆறு மணி நேரம். டைட்டிலில் கதைப் பெயர், ஊர்ப் பெயர், சேனல் பெயர் எல்லாம் இருக்கும். அர்ச்சுனன் கட்டியவர் பெயரைத் தேடினால் கமெண்டில்கூடக் கிடைக்காது.

எங்களைப் போன்ற செய்திக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கூத்துக் கலைஞர் எங்கள் பக்கத்தில் வருவது மூன்று சமயத்தில்தான்: விருது, வறுமை, மரணம். ஒரு சாதாரண வியாழக்கிழமை ராத்திரி அவர் பிரமாதமாக ஆடியது செய்தியாவதில்லை. 2020-ல் ஊரடங்கு வந்தது மார்ச் கடைசியில், சரியாகப் பங்குனியில். 2021-ல் மே மாதம் மறுபடியும். ரெண்டு சீசன் அப்படியே போனது. அதன் பிறகு எத்தனை பேர் திரும்பக் களரிக்கு வரவில்லை? எண்ணிச் சொல்ல ஒரு பட்டியல் வேண்டும். ஆடியபோதே யாரும் பெயர் எழுதி வைக்காததால், நின்றுபோனபோதும் எண்ண முடியவில்லை.

எழுதி வைப்பவர்கள் இல்லாமலும் இல்லை. மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து ‘மணல்வீடு’ சிற்றிதழை நடத்தும் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன், களரி அமைப்பு மூலம் பல ஆண்டுகளாகக் கூத்துக் கலைஞர்களைப் பற்றி எழுதியும், மேடையில் அழைத்துக் கௌரவித்தும் வருகிறார். ஒரு சிற்றிதழ்க்காரர் தனியாக இழுக்கும் இந்தத் தேரை லட்சக்கணக்கில் வாசகர் இருக்கும் நாங்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஓய்வூதியத்தை முடிவு செய்ய வேண்டியது அரசு. 3,000 ரூபாய் ஒரு மாத மாத்திரைச் செலவுக்கே இழுபறி. வயதை மட்டும் பார்க்காமல், ஆடும் உடம்பின் தேய்மானத்தையும் கணக்கில் எடுக்கும் திட்டம் வேண்டும் என்று கலை பண்பாட்டுத் துறையைக் கேட்க வேண்டும், கேட்போம். விண்ணப்பிக்க வரும் கலைஞரிடம் சான்று கேட்கும் முன், சேலத்தில் இருக்கும் மண்டல கலை பண்பாட்டு மையமே சீசன் நாட்களில் ஊர் ஊராக ஆள் அனுப்பி, களரியிலேயே பதிவு செய்தால் என்ன? ஆடுவதைக் கண்ணால் பார்ப்பதைவிடப் பெரிய சான்று எது?

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடிய வேலை உங்கள் கையிலும் எங்கள் கையிலும் இருக்கிறது. பெங்களூரு, சென்னையிலிருந்து பண்டிகைக்கு ஊருக்கு வருபவர்கள் நீங்கள். நோட்டீஸ் டிசைன் பண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்புவது பெரும்பாலும் உங்கள் வயசுப் பசங்கதான். கமிட்டிப் பெரியவரிடம் சொல்லி, செட்டின் பெயர், வாத்தியார் பெயர், யார் என்ன வேஷம் என்று நாலு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு கமிட்டி போட்டோவைக் குறைத்தால் இடம் தாராளமாகக் கிடைக்கும். வீடியோ எடுத்தால் கலைஞர்களிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களோடு ஏற்றுங்கள். அந்த நோட்டீஸின் ஒரு காப்பியைக் கலைஞர் கையில் கொடுங்கள். நாளைக்கு நலவாரிய அலுவலகத்தில் அது ஒரு காகிதம்.

எங்கள் டெஸ்க் சார்பில் ஒன்று. வரும் தை முதல் ஆடி வரை சேலம், நாமக்கல் மாவட்டக் கூத்துகளுக்கு வாரம் ஒரு பட்டியல் போடப் போகிறோம். எந்த ஊர், எந்த செட்டு, என்ன கதை, யார் என்ன வேஷம். செட்டு மாறினால் அதுவும், புதிதாக வேஷம் கட்டினால் அதுவும். ஒருவர் இதோடு போதும் என்று நினைத்தால், எந்த ஊர்க் களரியில் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள், கேமராவோடு வருகிறோம்.

போன சீசனில் ராசிபுரம் பக்கம் ஒரு ஊரில், விடிந்த பிறகு அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. அவர் சிரித்துவிட்டு, “நிறுத்தறதா? ஆடிக்கப்புறம் ஆரும் கூப்புட மாட்டாங்க தம்பி, அப்ப நின்னுக்கும். தை பொறந்தா மறுக்கா போன் வரும்” என்றார். பேரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பட்டியலின் முதல் வாரத்தில் அது வரும்.