இரவல் எண்கள்

இணையத்தில் புதிதாக ஒரு கணக்கைத் தொடங்க முற்படுகிற எவரும், பெயரையும் பிறந்த தேதியையும் வாங்கிக்கொண்டு திருப்தியடையாத நிறுவனம், கடைசியில் கைபேசி எண்ணையும் கேட்டு, அந்த எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்றை அனுப்பி, அதைத் திரும்ப உள்ளிட்ட பிறகே அனுமதிக்கும் என்பதை அறிவார். இந்த நிபந்தனைக்கு இணங்க மனமில்லாதவர்களின் பொருட்டு ஒரு தனி வியாபாரமே உலகில் தழைத்திருக்கிறது. அமெரிக்க எண் வேண்டுமா, பிரிட்டிஷ் எண் வேண்டுமா, இந்தோனேசிய எண் வேண்டுமா, சொற்பக் காசுக்குச் சில நிமிஷங்கள் வாடகைக்குத் தருகிறோம், ஓ.டி.பி. வந்ததும் உங்கள் திரையிலேயே காட்டுகிறோம் என்று அந்த வியாபாரிகள் விளம்பரம் செய்கிறார்கள். வர்ச்சுவல் நம்பர் என்று வழங்கப்படும் இவ்வகை எண்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிம் அட்டையும் கிடையாது, கைபேசியும் கிடையாது. தொலைபேசி நிறுவனத்திடம் மொத்தமாக எண்களைப் பெற்ற ஒருவருடைய கணினி, அவற்றுக்கு வருகிற செய்திகளை வாங்கி, வாடகைதாரரின் பக்கத்தில் இட்டுவிடுகிறது. இந்த ஏற்பாட்டைப் பற்றி நம்மவர்களிடையே பேச்சு அதிகரித்துவருவதால், அதன் உள்விவரங்களைச் சற்று விஸ்தாரமாகவே பார்ப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தம் எண்ணை மறைக்க விரும்புகிறவர்களையெல்லாம் குற்றவாளிகளாகப் பாவிப்பது நியாயமாகாது. வீட்டிலிருக்கும் பழைய மேஜையை விற்க விளம்பரம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு வேளைகெட்ட வேளையில் வரும் அழைப்புகளால் அவஸ்தைப்படும் பெண்களை நான் அறிவேன். எண்ணைக் கேட்டு வாங்கும் பெரிய நிறுவனங்களும் அதைக் கேட்ட காரியத்துக்கு மட்டும் உபயோகித்தன என்று சொல்வதற்கில்லை. கணக்கின் பாதுகாப்புக்காக என்று 2013 முதல் 2019 வரை 14 கோடிக்கு மேற்பட்டவர்களிடம் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சல் முகவரியையோ பெற்ற ட்விட்டர், அவற்றையே விளம்பரதாரர்களுக்கு ஆள் அடையாளம் காட்டவும் பயன்படுத்தியது என்று அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 2022-ஆம் ஆண்டு மே மாதம் அந்த நிறுவனம் 15 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. ஃபேஸ்புக்கின் மீது 2019-இல் 500 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோதும் பல குற்றச்சாட்டுகளுக்கு நடுவே இதுவும் ஒன்றாக இருந்தது. பூட்டுப் போடுவதற்கென்று கொடுத்ததை விற்பனைக்குப் பயன்படுத்தியவர்களைக் கண்ட பிறகு, அடுத்த முறை எண்ணைக் கேட்கும்போது சாமானியர் தயங்குவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆனால் தயக்கம் நியாயமானது என்பதாலேயே, அதற்குத் தேடிக்கொள்ளும் பரிகாரமும் நல்லதாகிவிடாது.

கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகன், காசு கொடாமலே இத்தகைய எண்களை உபயோகிக்கும் வழியொன்றை எனக்குக் காட்டினான். "அதுல என்னங்க பெரியப்பா இருக்கு? செலவும் இல்லீங்க, நம்ம நம்பரும் வெளிய போகாது" என்று அவன் திறந்து வைத்த பக்கத்தில், கொடிச் சின்னங்களோடு பல நாட்டு எண்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தொட்டவுடன் அந்த எண்ணுக்கு அன்று வந்த செய்திகள் முழுவதும் விரிந்தன. ஏதோ ஒரு சந்தைத் தளத்தின் குறியீடு, அதன் கீழே பணப்பை ஒன்றின் குறியீடு, அதன் கீழே வரன் தேடும் செயலியின் குறியீடு, நடுவில் யாரோ ஒருவரை அவருடைய முதற்பெயரால் விளித்து, கடவுச்சொல்லை மாற்ற விண்ணப்பித்தது நீங்கள்தானா என்று கேட்கும் செய்தி. ஒவ்வொன்றின் இறுதியிலும் இந்தக் குறியீட்டை எவரிடமும் பகிர வேண்டாம் என்ற எச்சரிக்கை, உலகம் முழுவதும் பார்க்கும்படியாக எழுதப்பட்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மேலே புதிதாக ஒன்று வந்து விழுந்தது.

அவனிடம் நான் ஒன்று மட்டும் கேட்டேன்: "இந்த எண்ணில் நீ தொடங்கிய கணக்கின் கடவுச்சொல் மறந்துபோய்விட்டதென்று வேறொருவன் இப்போது விண்ணப்பித்தால், மாற்றுவதற்கான குறியீடு எங்கே வரும், தம்பி?" அவன் பதில் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெருவாரியான நிறுவனங்களின் நடைமுறையில் குறியீடு கணக்குத் தொடங்கும் வேளையில் ஒருமுறை கேட்கப்பட்டு முடிந்துபோகும் காரியமன்று. கைபேசியை மாற்றும்போதும், கடவுச்சொல்லை மறக்கும்போதும், சந்தேகத்துக்கிடமான நுழைவு நேரும்போதும் அதே எண்ணுக்குத்தான் மறுபடியும் வரும். ஆகையால் அந்த எண்ணைப் பிறகு எவர் கைக்கொண்டிருக்கிறாரோ அவரே அந்தக் கணக்குக்கு எஜமானராகிவிடுகிறார்.

காசு கொடுத்து எடுக்கும் எண்ணில் இந்தப் பகிரங்கம் இல்லையென்றாலும், அந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தால் மனம் இன்னும் சஞ்சலப்படும். ஓர் எண் சிம் அட்டையோடு கூடிய கைபேசி எண்ணா, கணினி வழியே இயங்கும் எண்ணா என்று கேட்டறியும் வசதி நிறுவனங்களுக்கு இருப்பதால், பல நிறுவனங்கள் இரண்டாம் வகையைக் கண்டவுடன் நிராகரித்துவிடுகின்றன. நிராகரிக்கப்படாத எண் வேண்டுமென்றால் மெய்யான சிம் அட்டைகளே வேண்டும். ஆகவே, நூற்றுக்கணக்கில் சிம் அட்டைகளை ஒருசேரச் செருகக்கூடிய பெட்டிகளை அறை நிறைய அடுக்கிவைத்து நடத்தும் தொழில் ஒன்று உருவாயிற்று. 2025 அக்டோபரில் லாட்வியா நாட்டில் ஐரோப்பியக் காவல்துறையினர் கூட்டாகச் சோதனையிட்டபோது, இத்தகைய பெட்டிகள் 1,200-ம், அவற்றில் இயங்கிக்கொண்டிருந்த சிம் அட்டைகள் 40,000-ம் பிடிபட்டன. எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்களின் பேரில் பதிவான எண்களை வாடகைக்கு விட்டு, 4 கோடியே 90 லட்சத்துக்கு மேற்பட்ட பொய்க் கணக்குகளுக்கு அந்தக் கூட்டத்தார் வழிசெய்திருந்தார்கள் என்று யூரோபோல் அறிவித்தது. வயது முதிர்ந்தவர்களிடம் மகனைப் போலவும் மகளைப் போலவும் செய்தியனுப்பிப் பணம் பறித்தவர்களுக்கும், போலி முதலீட்டுக் கடைகளை விரித்தவர்களுக்கும் அதே கடையிலிருந்துதான் எண்கள் சென்றன. தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள ஓர் எண்ணை வாடகைக்கு எடுத்த யோக்கியனும் அந்தக் கடையின் கல்லாவில்தான் காசைப் போட்டிருப்பான்.

அட்டைகளை வாங்காமலே எண்களை விற்ற கதையும் உண்டு. மலிவு விலை ஆண்ட்ராய்டு கைபேசிகளில் நச்சு நிரல் புகுந்து, அவற்றுக்கு வருகிற குறியீட்டுச் செய்திகளை உடைமையாளர் அறியாமலே வெளியே கடத்தி, அந்த எண்களை வாடகைக்கு விடும் கும்பல்களைப் பற்றி கணினிப் பாதுகாப்பு நிறுவனமான டிரெண்ட் மைக்ரோவின் ஆய்வாளர்கள் 2022-இல் விரிவாக எழுதினார்கள். கைபேசியை வாங்கிய ஏழைக்குத் தன் எண்ணில் எங்கோ ஒரு வேற்றாள் கணக்குத் தொடங்கியிருப்பது எப்படித் தெரியும்? நம் தேசத்திலும் சிம் விற்கும் முகவர், விரல்ரேகை சரியாகப் பதியவில்லை என்று சொல்லி மறுபடி வைக்கச் செய்து, கிராமத்தவர் பேரில் இரண்டாவது அட்டையொன்றை எடுத்துக்கொண்ட வழக்குகள் காவல் நிலையங்களுக்குப் பரிச்சயமானவை. தம் பேரில் எத்தனை எண்கள் நடமாடுகின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் எவரும் பார்த்து, தமக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். படித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பெரியவர்களுக்காக இதை ஒருமுறை செய்துபார்ப்பது புண்ணியமான காரியம்.

இனி, இரவல் எண்ணை விட்டுவிட்டு நம்முடைய சொந்த எண்ணுக்கு வருவோம். அது மட்டும் நமக்குச் சாசுவதமா? கட்டணம் கட்டாமலோ உபயோகிக்காமலோ விட்டுத் துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாட்கள் ஒதுக்கிவைக்கப்பட்ட பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படும் என்று நம்முடைய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2021-இல் அமெரிக்காவின் இரண்டு பெரிய தொலைபேசி நிறுவனங்களில் புதிய வாடிக்கையாளருக்கென்று காத்திருந்த எண்களில் 259-ஐ எடுத்துப் பரிசோதித்தபோது, அவற்றில் 171 எண்களோடு முன்னாள் சொந்தக்காரர்களின் இணையக் கணக்குகள் இன்னமும் பிணைந்தே கிடந்தன. ஆக, எந்த எண்ணும் இரவல்தான். தவணையின் நீளத்தில்தான் வித்தியாசம்.

இந்த உண்மையின் கனத்தை நம் வீடுகளில் அன்றாடம் காணலாம். சமையல் எரிவாயு கொண்டுவருபவர் உருளையை வாசலில் இறக்கிவிட்டு, "ஓ.டி.பி. சொல்லுங்கம்மா" என்று நிற்கிறார். அந்த அம்மாளின் இணைப்பில் பதிவாகியிருப்பதோ பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் எண். மகன் கூட்டத்தில் இருக்கிறான், எடுக்கவில்லை. அந்த அம்மாள் மறுபடி மறுபடி அழைக்கிறாள். அடுத்த தெருவுக்குப் போகவேண்டிய அவசரத்தில் அந்த மனிதர் உருளையின் மேல் கைவைத்தபடி காத்திருக்கிறார். வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், மின் கட்டணம், மருத்துவக் காப்பீடு என்று ஒரு மூதாட்டியின் ஜீவனத்துக்கு ஆதாரமான அத்தனையும் இன்னொருவர் சட்டைப்பையில் இருக்கும் ஓர் எண்ணைச் சார்ந்து நிற்பது இன்று கோடிக்கணக்கான குடும்பங்களின் நிலைமை. கணவர் இருந்தவரை எல்லாம் அவர் எண்ணிலேயே நடந்த குடும்பங்களில், அவர் காலமான பிறகு கைபேசியை மேஜை இழுப்பறையில் வைத்துவிடுகிறார்கள். ரீசார்ஜ் செய்ய எவருக்கும் தோன்றுவதில்லை. எண் செயலிழந்து, ஒதுக்குக் காலமும் கழிந்து, முன்பின் அறியாத ஒருவரைச் சென்றடைகிறது; விதவையின் பணம் சம்பந்தமான செய்திகள் அவருக்குப் போகின்றன.

குறுஞ்செய்தி என்பது திறவுகோலாக உபயோகப்படும் என்று அதை வகுத்தவர்கள் எண்ணியதே இல்லை. 1992 டிசம்பரில் இங்கிலாந்தில் அனுப்பப்பட்ட முதல் குறுஞ்செய்தி ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. தொலைபேசி நிறுவனங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் எஸ்.எஸ். 7 என்ற சமிக்ஞை முறையோ, ஒருவரையொருவர் நம்பிய சில நிறுவனங்களின் காலத்தில், அந்த நம்பிக்கையின் மேலேயே கட்டப்பட்டது. அந்தப் பலவீனத்தைப் பயன்படுத்தி ஜெர்மனியில் வங்கிக் குறியீடுகளை வழியிலேயே திருப்பிவிட்டு வாடிக்கையாளர் பணத்தைத் திருடிய சம்பவம் 2017-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் தரநிர்ணய நிலையமான நிஸ்ட், அதே ஆண்டு வெளியிட்ட நெறிமுறையில் குறுஞ்செய்திக் குறியீட்டைக் கட்டுப்பாட்டுடன் உபயோகிக்கவேண்டிய வகையில் சேர்த்தது. சிம் அட்டையோ தொலைபேசி வலையோ இன்றி, கைபேசியிலேயே முப்பது விநாடிக்கு ஒருமுறை குறியீட்டை உண்டாக்கிக்கொள்ளும் முறைக்கு 2011-இலேயே பொதுத் தரம் வகுத்தாயிற்று; அதைப் பின்பற்றும் ஆதென்டிகேட்டர் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வழி தெரிந்திருந்தும் நிறுவனங்கள் எண்ணையே பிடித்துக்கொண்டிருப்பதற்கு, பொய்க் கணக்குகளைத் தடுப்பது ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாட்வியாவில் பிடிபட்ட பெட்டிகளைப் பார்த்த பிறகு, அந்த அணை எவரைத் தடுத்தது, எவரை வருத்தியது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. மொத்த வியாபாரிகள் தாண்டிப் போய்விட்டார்கள். ஒற்றை ஆளாக நின்ற பிரஜை தன் எண்ணைக் கொடுத்தார்.

தம்பி மகனிடம் நான் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன். ஒரு கட்டுரையைப் படிக்கவோ, ஒரு கருவியை ஒருநாள் பரீட்சித்துப் பார்க்கவோ தொடங்கி, மறுநாள் தொலைந்தாலும் கவலைப்படாத கணக்காக இருந்தால், அந்தத் தளத்தின் விதி இடங்கொடுக்கும் பட்சத்தில் இரவல் எண் போதும். பணம், கடிதம், புகைப்படம், நண்பர்களின் விலாசம் ஆகியவற்றில் ஏதேனும் இருக்கும் கணக்கை அதில் வைக்கலாகாது. அந்தரங்கம் முக்கியமென்று கருதுகிறவர்கள், தம் பேரிலேயே முறையாக இரண்டாவது சிம் ஒன்றை வாங்கி, வெளியாட்களுக்கு அதைக் கொடுத்து, அது உயிரோடிருக்கும்படி ரீசார்ஜ் செய்துவருவதே உத்தமம். இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. விற்பனை விளம்பரம் கொடுத்தவரிடம், நீங்கள் நிஜமான ஆள்தானா என்று பார்க்க ஒரு குறியீடு அனுப்புகிறேன், படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கி, அதைக்கொண்டு அவருடைய எண்ணைப் பிணையாக்கித் கூகுளின் இணையத் தொலைபேசிச் சேவையான கூகுள் வாய்ஸில் தமக்கொரு எண்ணைப் பெற்றுக்கொள்ளும் மோசடி அமெரிக்காவில் வெகுகாலமாக நடக்கிறது. குறியீட்டைக் கேட்பவர் எத்தனை மரியாதையாகக் கேட்டாலும் கொடுக்கக்கூடாது.

இணையத்தில் அட்டை மூலம் பணம் செலுத்துவதற்குக் கூடுதல் அத்தாட்சி வேண்டுமென்று 2009-இலேயே விதித்த ரிசர்வ் வங்கி, குறுஞ்செய்தியைத் தவிர மற்ற வழிகளுக்கும் இடமளிக்கும் விதிகளை 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் முதல் தேதியை அவற்றுக்கு அமல் தேதியாகக் குறித்திருக்கிறது. இதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். அதோடு இன்னொரு சிறு ஏற்பாடும் வேண்டும். கணவரின் மரணச் சான்றிதழோடு வந்து நிற்கும் பெண்ணிடம் நகலை வாங்கிக் கோப்பில் சேர்க்கும் வங்கி ஊழியர், உங்கள் கணக்குக்கு ஓ.டி.பி. எந்த எண்ணுக்கு வருகிறது அம்மா என்று தாமே கேட்டு, அந்த எண் காலமானவருடையதாக இருந்தால், மற்றொரு நாள் வரச் சொல்லாமல் அதே இருக்கையில் அப்போதே அந்தப் பெண்ணுடைய எண்ணுக்கு மாற்றிக்கொடுக்க வேண்டும். அதற்கான கட்டம் மரணத்தைத் தெரிவிக்கும் விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிடப்பட வேண்டும்.