சும்மா ஒரு விசாரணை!

தமிழில் ரொம்ப ஆபத்தான வார்த்தை எது? 'காதல்' என்பார்கள் சிலர். 'தலை தீபாவளி' என்பார்கள், மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்ட மாமனார்கள். என் ஓட்டு 'சும்மா'வுக்கு. 'சும்மா ஒரு கையெழுத்துப் போடு மச்சான், டியூ நான் கட்டிக்கிறேன்' என்ற நண்பனை நம்பிச் சம்பளத்தைப் பாதியாக வாங்குபவர்கள் ஆபீஸுக்கு ரெண்டு பேராவது இருப்பார்கள். ஆனால் 'சும்மா'க்களின் சக்கரவர்த்தி வேறு. 'சும்மா ஒரு விசாரணை, வந்துட்டு உடனே போயிடலாம்!'

எங்கள் பேட்டையில் ஒரு டூவீலர் மெக்கானிக் பையன். இருபது வயசு இருக்கும். எவனோ திருடிய வண்டியை எவனோ இவனிடம் சர்வீஸுக்கு விட்டுவிட்டுப் போய்விட்டான். ராத்திரி ஒன்பது மணிக்கு 'சும்மா' கூப்பிட்டுப் போனார்கள். ரெண்டு நாளாக ஆள் திரும்பவில்லை. அவன் அம்மா டிபன் பாக்ஸோடு ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். 'அரெஸ்ட்டெல்லாம் இல்லம்மா, விசாரணைதான்' என்பதே பதில். மூன்றாம் நாள் தெரிந்த வக்கீல் ஒருவர் போய்க் கேட்டது ஒரே கேள்வி: "அரெஸ்ட்னா மெமோ எங்கே சார்? அரெஸ்ட் இல்லேன்னா பையன் ஏன் உள்ளே இருக்கான்?"

அரை மணியில் பையன் வெளியே. கேஸும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் முதலாளி, 'கொஞ்ச நாள் கடைப் பக்கம் வராதே' என்றுவிட்டார். கோர்ட் வாசலையே மிதிக்காதவனுக்குத் தண்டனை மட்டும் டோர் டெலிவரி!

அந்த வக்கீலின் கேள்வியில்தான் சட்டத்தின் முக்கால்வாசி இருக்கிறது. கைது என்று ஒன்று உண்டு, சுதந்திரம் என்று ஒன்று உண்டு. நடுவில் 'விசாரணைக்காக உட்கார வைத்திருக்கிறோம்' என்ற மூன்றாவது கம்பார்ட்மென்ட் கிடையாது.

சாட்சியாகக் கூப்பிடுவதாக இருந்தாலே எழுத்து மூலமாகத்தான் கூப்பிட வேண்டும். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்கள், 60 வயது தாண்டியவர்கள் ஸ்டேஷனுக்கு வரவே தேவையில்லை. போலீஸ்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றமென்றால், எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது. ஏன் அவசியம் என்று காரணம் எழுத வேண்டும். அவசியமில்லை என்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். 2014-ல் சுப்ரீம் கோர்ட் இதை அழுத்திச் சொன்னது. வண்டித் திருட்டும் இந்தக் கணக்கில்தான் வரும்.

கைதுதான் என்றால்? காரணம் சொல்ல வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இது அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு. யாரும் போடுகிற பிச்சை இல்லை.

அந்த 'மெமோ' சமாசாரத்துக்குப் பின்னால் ஒரு கடிதம் இருக்கிறது. 1986 ஆகஸ்டில், மேற்கு வங்கத்தில் இலவச சட்ட உதவி அமைப்பின் தலைவராக இருந்த டி.கே. பாசு, லாக்கப் மரணங்கள் பற்றிப் பேப்பரில் வந்த செய்திகளைச் சேர்த்து, சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதிக்கு எழுதினார். அந்தக் கடிதமே மனுவாகி, 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மொத்தம் 11 கட்டளைகள். கைது செய்பவர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும். நேரம், தேதியோடு மெமோ எழுதி, சாட்சியிடமும் கைதானவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதனை... இப்படி. 2024 ஜூலையில் பழைய இ.பி.கோ. போய்ப் புதுச் சட்டங்கள் வந்து நம்பரெல்லாம் மாறிவிட்டது. உரிமை மாறவில்லை.

'அவனே ஒப்புக்கிட்டான் சார்!' என்று செய்தி வரும்போது ஒரு நிமிஷம் நிதானியுங்கள். போலீஸிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872-லிருந்தே, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே அப்படித்தான். அவன் காட்டிக் கொடுத்துத் திருட்டுப் பொருள் கிடைத்தால், அது சம்பந்தப்பட்ட அளவுக்கு மட்டும் செல்லும். தன் வாயால் தனக்கே எதிராகச் சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வெற்றுப் பேப்பரில் கையெழுத்து? நண்பனுக்கே போடக் கூடாது என்கிறேன்!

"குற்றவாளிக்கு எதுக்கு சார் இவ்வளவு உரிமை?" என்பார் டீக்கடை பெஞ்சுக்காரர். அய்யா, அவர் இன்னும் குற்றவாளி இல்லை, குற்றம் சாட்டப்பட்டவர். ரெண்டுக்கும் நடுவில் ஒரு கோர்ட் இருக்கிறது. தவிர, கையில் அகப்பட்டவனையே அடித்து ஒப்புக்கொள்ள வைத்தால் கேஸ் முடிந்துவிடும். நிஜத் திருடன் அதே பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "சரியாச் சொன்னீங்க" என்று டீ குடித்துக்கொண்டிருப்பான்.

பி.காம். மூளைக்குப் பிடித்த ஒரு கணக்கும் உண்டு. தீர்ப்புக்கு முன்னால் அதே வழக்கில் உள்ளே இருந்த நாட்கள், இத்தனை வருஷம் என்று விதிக்கப்படும் தண்டனையில் கழியும். சுருக்கமாக, டி.டி.எஸ்.! விடுதலையானால் ரீஃபண்ட் கிடையாது என்பதுதான் வயிற்றெரிச்சல். போன நாள் போனதுதான். அதனால்தான் குற்றப்பத்திரிகைக்கு 60 நாள், பெரிய குற்றங்களுக்கு 90 நாள் என்று கெடு. தாண்டினால் ஜாமீன் கேட்பது உரிமை.

'ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம்' என்பது சினிமாக் கணக்கு. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க என்று 1961-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. தூக்கும் விதிக்கக்கூடிய குற்றங்களில், 14 வருஷம் முடியாமல் தண்டனைக் குறைப்பு கொடுத்து வெளியே விடக்கூடாது என்பதுதான் அந்த 14. கேட் திறக்கும் நாள் அல்ல. கேட்டைத் தட்ட அனுமதிக்கும் நாள்.

வக்கீலுக்குக் காசில்லையா? காவலில் இருப்பவருக்கு, சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவச வக்கீல் தரச் சட்டம் இருக்கிறது. ஹெல்ப்லைன் 15100. கேஸ் சிலிண்டர், பீட்சாக் கடை, மாமனார் நம்பரெல்லாம் செல்லில் இருக்கிறதே, இதையும் ஏற்றி வையுங்கள்.

எதுக்கா? சும்மாதான்!