பந்து, கைப்பேசி, வாக்குச்சீட்டு

வானொலியில் இளைஞர்களுக்கான நேரலை நடத்துகிறவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. காற்பந்து பற்றிக் கேட்டால் தொலைபேசி இணைப்புகள் நிரம்பிவிடும். மொபைல் லெஜெண்ட்ஸ் பற்றிக் கேட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூட வல்லுநர்களாகிவிடுவார்கள். "சரி, நாட்டு அரசியல் பற்றி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஐயோ அக்கா, அது வேணாம்" என்று ஒரு சிரிப்பு வரும். பின்னாலிருந்து அம்மாவின் குரலும் கேட்கும்: "போனை வைடா!"

அண்மையில் ஒரு நிகழ்ச்சிக்காக சுங்கை காடுட் பக்கம் போயிருந்தேன். கொம்யூட்டர் ரயிலில் சிரம்பானைத் தாண்டினால் செனவாங், அடுத்தது சுங்கை காடுட். ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற வட்டாரம். இப்போது துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டையும் வரிசை வரிசையாகத் தாமான்களும். அங்கே ஓர் ஒட்டுக்கடையில் கல்லூரி மாணவர் ஒருவர் என்னுடன் பேச உட்கார்ந்தார். வயது இருபது. தாத்தா பால்மரம் வெட்டியவர், அப்பா தொழிற்சாலையில் வேலை. ஒரு மணி நேரம் பேசினோம். பேச்சு மூன்று விஷயங்களைச் சுற்றியே இருந்தது.

முதலில் காற்பந்து. நெகிரி செம்பிலான் 2009-இலும் 2011-இலும் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது இவர் சிறு பிள்ளை. அந்தக் கதைகளை அப்பா சொல்லித்தான் கேட்டிருக்கிறார். "இப்ப நம்ம பிள்ளைங்க மாநில அணியில குறைஞ்சிட்டாங்கன்னு பெரியவங்க வருத்தப்படுறாங்க. விளையாட இடம் எங்கக்கா இருக்கு? தாத்தா காலத்துல தோட்டத்துக்கு ஒரு திடல் இருந்துச்சு. எங்களுக்குக் கார் நிறுத்துற இடம்தான் இருக்கு" என்றார்.

அடுத்தது வீடியோ கேம். அதில் அவர் குரல் உயர்ந்தது. 2019-இல் பிலிப்பைன்ஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியிலேயே மின் விளையாட்டுக்குப் பதக்கம் கொடுத்தார்கள் என்றார். 2024-இல் ரியாத்தில் நடந்த மொபைல் லெஜெண்ட்ஸ் போட்டியில் நம் நாட்டின் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி கிண்ணம் வென்றதை, தானே விளையாடியது போல விவரித்தார். ஐந்து பேர், ஐந்து பொறுப்பு, எதிரணி யாரைத் தேர்ந்தெடுக்கும் என்று முன்கூட்டியே கணிப்பது, ஒருவன் தடுமாறினால் மற்றவன் போய்த் தாங்குவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதே மூச்சில், "கதாபாத்திரத்துக்குப் புது உடுப்பு வாங்குறேன்னு காசைக் கொட்டுறவங்களும் இருக்காங்க. அது பொறி. நான் விழமாட்டேன்" என்றும் சொன்னார்.

மூன்றாவது அரசியல். அதைத் தொடங்கும்போது கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்ல சொல்லிட்டாங்க அக்கா. பி.டி.பி.டி.என். கடன்ல படிக்கிற, வாயை மூடிக்கிட்டுப் படின்னு."

அந்தப் பயத்தைப் பெற்றோர்கள் சும்மா கண்டுபிடிக்கவில்லை. அதற்கு ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. 1971-இல் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது. 1974-இல் ரப்பர் விலை சரிந்து பாலிங் வட்டாரத்துச் சிறு தோட்டக்காரர்கள் வறுமையில் தவித்தபோது, அவர்களுக்காகப் பல்கலைக்கழக மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பலர் கைதானார்கள். மறு ஆண்டே அந்தச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. ரப்பரை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்காகப் பேசப் போய்த்தான் மாணவர்களின் வாய்க்குப் பெரிய பூட்டு விழுந்தது. தோட்டத்திலிருந்து வந்த நாம் மறக்கக்கூடாத செய்தி இது.

அந்தப் பூட்டு மெல்ல மெல்லத்தான் திறந்தது. 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது, பிரசாரம் நடந்த இடத்தில் இருந்ததற்காக மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் மாணவர்கள் நால்வர் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானார்கள். அரசியல் படிக்கிற பிள்ளைகள் அரசியலை நேரில் பார்க்கப் போனதுதான் குற்றம்! அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ தெரிவிக்க மாணவர்களைத் தடுத்த அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2012-இல் மாணவர்கள் கட்சியில் சேரலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. வளாகத்துக்குள் அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடையை நீக்க 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது.

வாக்குரிமையும் மாறிவிட்டது. வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைக்கும் திருத்தம் 2019 ஜூலையில் நிறைவேறி, 2021 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. பெயரைப் பதிந்துகொள்ள வரிசையில் நிற்க வேண்டியதில்லை, தானாகவே பதிவாகிவிடும். 2018 பொதுத்தேர்தலில் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2022 நவம்பர் பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பட்டியலில்தான் சுங்கை காடுட் தம்பியும் இருக்கிறார். சட்டம் அவரைப் பேசலாம் என்கிறது. வீடு இன்னும் 1975-லேயே நிற்கிறது.

"விளையாட்டு வேறு, அரசியல் வேறு" என்று சொல்கிறவர்களும் உண்டு. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் நம் அணி தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. கோல் கம்பங்களுக்கிடையே 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் நின்ற காலம் அது. ஆனால் அணி மாஸ்கோ போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் அது அரசியல் முடிவு. வீடியோ கேமும் அப்படித்தான். பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று நாம் திட்டிக்கொண்டிருந்த மின் விளையாட்டுக்கு, 2019 வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கம் 1 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. ஒதுக்கியதும் அரசியல்தான்.

எனக்கு அந்தத் தம்பியின் மூன்று பேச்சும் ஒரே பேச்சாகத்தான் கேட்டது. திடல் இல்லை, அதனால் பந்து இல்லை. ஃபுட்சல் கூடத்துக்கு மணிக்கணக்கில் காசு, அதனால் கைப்பேசி. சரி, திடல் ஏன் இல்லை? தோட்டம் கைமாறி வீடமைப்பாக மாறும்போது எத்தனை வீடு, எங்கே சாலை, எங்கே திடல் என்பதை யாரோ ஒருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார். அந்த மேசை ஊராட்சி மன்றத்தில் இருக்கிறது. இந்த வட்டாரத்துக்கு அது சிரம்பான் மாநகர் மன்றம். அதன் உறுப்பினர்களை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. நம் நாட்டில் உள்ளாட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. இன்று உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. மாநில அரசை அமைப்பது சட்டமன்றத் தேர்தலில் விழும் வாக்கு. அந்த வாக்கு இப்போது 18 வயதுப் பிள்ளையின் கையிலும் இருக்கிறது. திடல் கேட்கிறவன் அரசியல் பேசித்தான் ஆக வேண்டும்.

அந்தத் தம்பி சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. "எல்லா அரசியல்வாதியும் ஒண்ணுதான் அக்கா" என்றார். "எல்லா கோல் கீப்பரும் ஒண்ணுதானா தம்பி?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். ஓர் ஆட்டக்காரரைப் பற்றிப் பேசும்போது எத்தனை ஆட்டம், எத்தனை கோல், எந்த நிமிடத்தில் சொதப்பினார் என்று கணக்கோடு பேசுகிற பிள்ளைகள், தங்கள் சட்டமன்ற உறுப்பினர் யார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். டிக்டாக்கில் முப்பது வினாடி பார்த்ததைக் கருத்து என்று நம்பிவிடுகிறார்கள். காற்பந்தில் அப்படிப் பேசினால் நண்பர்களே கேலி செய்வார்கள். அந்தக் கண்டிப்பு அரசியலுக்கும் வர வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினர் சட்டமன்றத்தில் என்ன பேசினார், மாநகர் மன்றம் எதற்குச் செலவு செய்தது, கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா என்று பாருங்கள். கேமில் எதிரணியின் நகர்வைக் கவனிக்கிற அதே கண்தான் இதற்கும் வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை அரசியல் பேசினால் கட்சிக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான் என்று பயப்படாதீர்கள். வீட்டில் பேசவிட்டால் அப்பாவோ அக்காவோ தப்பைத் திருத்துவார்கள். வீட்டில் வாயை அடைத்தால் அவன் பேசப் போகும் இடத்தில் திருத்த ஆள் இருக்கமாட்டார்கள்.

முதல் பாடமாக ஒன்று சொல்கிறேன். உங்கள் வட்டாரத்துக்கு ஊராட்சி மன்றம் வரைவுத் திட்டம் தயாரித்தால், அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் விதி. ஆட்சேபம் தெரிவிக்கக் காலக்கெடுவும் தருவார்கள். அடுத்த முறை அந்த அறிவிப்பு வரும்போது, காற்பந்து நண்பர்கள் ஐந்து பேரும் கேம் நண்பர்கள் ஐந்து பேரும் சேர்ந்து போய் வரைபடத்தைப் பாருங்கள். பச்சை நிறத்தில் திடல் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.